மனப்பாடமும் பேச்சுரிமையும்



சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வுக்கு முந்திய வாரம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து நின்று, "டீச்சர், புத்தகந்தான் கையில் இருக்கிறதே, வேண்டியபோது பார்த்துக்கொள்ளலாமே, பிறகு எதற்கு மனப்பாடம்?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை; ஆனால் சரியான பதிலும் சொல்லவில்லை. "மதிப்பெண் போய்விடும், உட்கார்" என்றேன். அவளும் உட்கார்ந்துவிட்டாள். கேட்கத் தகுந்த ஒரு கேள்வியை மதிப்பெண்ணைக் காட்டி அடக்கிவிட்டோமே என்று எனக்கே பிறகு உறுத்தலாக இருந்தது. அதே வாரத்தில்தான் குடிமையியல் பாடத்தில் பேச்சுரிமை பற்றி நடத்தி முடித்திருந்தேன் என்பது இன்னும் வேடிக்கை! அவளுக்கு நான் தரவேண்டிய பதிலை இந்த மலரில் எழுதுகிறேன். சற்று நீண்ட பதில். ரஷ்யா வரை போய்வர வேண்டியிருக்கிறது.

ஆண்டு 1938. நகரம் லெனின்கிராட், இன்று அதன் பெயர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். நேவா ஆற்றங்கரையில் செங்கல்லால் கட்டிய பெரிய சிறைச்சாலை ஒன்று இருந்தது. சிலுவை வடிவில் அமைந்த கட்டடங்கள் ஆகையால் மக்கள் அதனைக் 'கிரெஸ்தி' என்று அழைத்தனர். ரஷ்ய மொழியில் அச்சொல்லுக்குச் 'சிலுவைகள்' என்று பொருள். அதன் மதிலோரத்தில் நாள்தோறும் பெண்களின் நீண்ட வரிசை நிற்கும். தாய்மார், மனைவிமார், உடன்பிறந்த பெண்கள். உள்ளே இருப்பவனுக்குக் கொஞ்சம் பணமோ ஒரு பொட்டலமோ கொடுக்க வந்தவர்கள். அதைச் சிறைக்காரர்கள் வாங்கிக்கொண்டால் மகன் இன்னும் அங்கேதான் இருக்கிறான் என்று பொருள். வாங்க மறுத்தால் என்ன பொருள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 1937, 1938 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சோவியத் அரசு ஏறத்தாழ 6,80,000 பேரைச் சுட்டுக் கொன்றது என்பதைப் பின்னாளில் வெளிவந்த அரசு ஆவணங்களே காட்டின.

அந்த வரிசையில் ஒரு பெண் கவிஞர் நின்றார். பெயர் ஆன்னா அக்மாத்தவா. 1889-இல் பிறந்தவர், இளம் வயதிலேயே பெரும்புகழ் பெற்றவர். அவருடைய முதல் கணவர் குமில்யோவும் கவிஞர்; 1921-இலேயே அரசால் சுடப்பட்டவர். இப்போது அவர்களுடைய ஒரே மகன் லேவ் சிறையில். பதினேழு மாதங்கள் இப்படி வரிசைகளில் கழிந்தன. ஒருநாள் யாரோ அவரை அடையாளம் கண்டு பெயர் சொல்லி அழைக்க, பின்னால் குளிரில் உதடு நீலம் பாரித்து நின்ற ஒரு பெண் அவர் காதருகே வந்து, இதையெல்லாம் உங்களால் எழுத முடியுமா என்று கேட்டாளாம். அங்கே எல்லாருமே காதோடு காதாகத்தான் பேசுவார்கள். முடியும் என்றார் கவிஞர். அப்போது அந்தப் பெண்ணின் முகத்தில், ஒரு காலத்தில் முகமாக இருந்த அதில், புன்னகை போன்ற ஏதோ ஒன்று தோன்றி மறைந்தது என்று அவர் பின்னர் குறித்திருக்கிறார்.

சொன்னபடி எழுதினார். அந்தக் கவிதைத் தொடருக்கு 'ரெக்வியம்' என்று பெயர். இறந்தோருக்காக ஒப்புக்கொடுக்கும் திருப்பலிக்குரிய இலத்தீன் பெயர் அது என்பதை நம் சகோதரிகள் அறிவார்கள். பெரும்பகுதி 1935-க்கும் 1940-க்கும் இடையே உருவாயிற்று. ஆனால், 'எழுதினார்' என்று நான் சொல்வது முழு உண்மை அன்று. காகிதத்தில் அது தங்கவே இல்லை. எப்படி என்பதை அவருடைய தோழி லிதியா சுகோவ்ஸ்கயா விவரித்திருக்கிறார். அக்மாத்தவா தம் அறையில் ஏதோ பேசிக்கொண்டிருப்பார். திடீரென்று பேச்சை நிறுத்திக் கூரையையும் சுவரையும் கண்ணால் காட்டுவார். ஒட்டுக் கேட்கிறார்கள் என்பது அதன் பொருள். ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து வேகமாக எழுதிக்கொண்டே, தேநீர் வேண்டுமா என்றோ வேறு ஏதாவதோ உரக்கக் கேட்பார். சுகோவ்ஸ்கயா காகிதத்தை வாங்கி, அந்த வரிகளை நெஞ்சில் பதித்துக்கொண்டு, பேசாமல் திருப்பிக் கொடுப்பார். இந்த ஆண்டு இலையுதிர்காலம் சீக்கிரமே வந்துவிட்டது என்பதுபோல் ஏதோ சொல்லியபடியே அக்மாத்தவா தீக்குச்சியைக் கிழித்துக் காகிதத்தைச் சாம்பல் கிண்ணத்தின் மேல் எரித்துவிடுவார்.

இந்தச் சுகோவ்ஸ்கயாவின் கணவர் ஓர் இளம் இயற்பியல் அறிஞர். அவரும் 1938 பிப்ரவரியில் சுடப்பட்டார். ஆக, தாய் ஒருத்தி எழுத, கைம்பெண் ஒருத்தி மனப்பாடம் செய்தாள். பரீட்சைக்காக அல்ல.

அந்த நாட்டில் பேச்சுரிமை என்பதே சட்டத்தில் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது! 1936-ஆம் ஆண்டுச் சோவியத் அரசியலமைப்பின் 125-ஆவது விதி பேச்சுரிமையையும் பத்திரிகை உரிமையையும் கூட்டம் கூடும் உரிமையையும் வழங்கியது. உழைக்கும் மக்களின் நலனுக்கு ஏற்றவாறு என்று ஒரு சிறு நிபந்தனை மட்டும். எது அந்த நலன் என்று முடிவு செய்யும் அதிகாரம் ஆள்வோரிடமே இருந்தது. குற்றச் சட்டத்தின் 58-ஆவது பிரிவில் பத்தாவது உட்பிரிவு, அரசுக்கு எதிரான பேச்சையும் எழுத்தையும் தண்டித்தது. ஒரு வேடிக்கைத் துணுக்குச் சொன்னதற்காகச் சிறை சென்றவர்கள் உண்டு. நம் அரசியலமைப்பின் 19-ஆவது விதியிலும் பேச்சுரிமைக்கு நியாயமான வரம்புகள் கூறப்பட்டிருப்பதைப் படித்திருக்கிறீர்கள். அந்த வரம்பு நியாயமானதுதானா என்று வழக்குப் போட்டுக் கேட்க இங்கே நீதிமன்றம் இருக்கிறது. அங்கே அந்தக் கேள்வியைக் கேட்கவே இடமில்லை.

சரி, படையும் சிறையும் கையில் வைத்திருந்த ஒரு பேரரசு சில கவிதை வரிகளுக்கு ஏன் அஞ்சியது? இதை ஆராய்வதே அரசியல் உளவியல் என்னும் துறை. ஆள்வோர் என்ன நினைத்து ஆள்கிறார்கள், ஆளப்படுவோர் ஏன் அடங்குகிறார்கள், எப்போது அடங்க மறுக்கிறார்கள் என்று பார்ப்பது அதன் வேலை. எனக்குத் தோன்றுகிற விடை இது: மக்கள் இன்று என்ன பேசுகிறார்கள் என்பதோடு அந்த அரசு நிற்கவில்லை, நேற்று நடந்தது அவர்களுக்கு நினைவிருக்கக் கூடாது என்றும் விரும்பியது.

இதற்கு இரண்டு சான்றுகள் போதும். இரகசியப் போலீசின் தலைவராயிருந்த யெஷோவ் என்பவர், மாஸ்கோ கால்வாயின் கரையில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் நிற்கும் புகைப்படம் ஒன்று உண்டு. இந்த யெஷோவே பின்னர் கைதாகி 1940-இல் சுடப்பட்டார். உடனே புகைப்படத்திலிருந்தும் மறைந்தார். அவர் நின்ற இடத்தில் வெறும் தண்ணீர்! மற்றொன்று இன்னும் விந்தை. பெரிய சோவியத் கலைக்களஞ்சியத்தில் பெரியா என்ற அதிகாரியைப் பற்றி விரிவான கட்டுரை இருந்தது. 1953-இல் அவர் வீழ்ந்ததும், சந்தாதாரர்களுக்குத் தபாலில் புதிய பக்கங்கள் வந்தன. பழைய பக்கங்களைக் கத்தரியாலோ சவரக் கத்தியாலோ வெட்டி எடுத்துவிட்டு இவற்றை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று குறிப்பும் வந்தது. புதிய பக்கங்களில் பேரிங் கடலைப் பற்றி நிறையச் செய்தி இருந்தது. அகரவரிசையில் பக்கத்தில் வருவது அதுதானே!

"புத்தகந்தான் கையில் இருக்கிறதே" என்று கேட்ட என் மாணவி இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும்.

இனி மற்றொரு பெண்ணிடம் வருவோம். நதேஷ்தா மண்டல்ஷ்டாம். அவர் பெயருக்கு ரஷ்ய மொழியில் 'நம்பிக்கை' என்று பொருள். அவர் கணவர் ஓசிப் மண்டல்ஷ்டாம் பெருங்கவிஞர். 1933 நவம்பரில் ஸ்டாலினை இகழ்ந்து பதினாறு வரிகளில் ஒரு பாட்டுக் கட்டினார். அதைத் தாளில் எழுதாமல், நம்பிக்கையான சிலருக்கு மட்டும் வாயாலேயே சொல்லிக் காட்டினார். 1934 மே மாதம் கைதானார். விசாரணை அதிகாரியிடம் அந்தப் பாட்டு எழுத்தில் இருந்தது! கேட்டவர்களில் ஒருவர் மனப்பாடம் செய்துகொண்டு போய்க் கொடுத்துவிட்டார். அதிகாரியிடம் இருந்தது பாட்டின் முதல் வடிவம். அதை வைத்து, அந்த வடிவத்தைக் கேட்டவர் யார் யார் என்று கணவனும் மனைவியும் எண்ணிப் பார்த்தார்கள். காட்டிக் கொடுப்பவனுக்கும் நல்ல ஞாபகசக்தி இருக்கலாம் என்பதை நாம் மறக்க வேண்டாம். நினைவாற்றலைத் தனியே ஒரு நற்குணமாகப் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை.

மண்டல்ஷ்டாம் நாடுகடத்தப்பட்டு, மீண்டு, 1938-இல் மறுபடியும் கைதாகி, அந்த ஆண்டு டிசம்பர் 27 அன்று விளாதிவஸ்தோக் அருகே ஓர் இடைமுகாமில் இறந்தார். கல்லறைகூட இன்னதென்று தெரியாது. அச்சேறாத அவருடைய பாடல்கள் நதேஷ்தாவிடம் இருந்தன. தலையணைக்குள்ளும் சமையல் பாத்திரத்துக்குள்ளும் தாள்களை ஒளித்தார். சோதனை வந்தால் தாள் போய்விடும். ஆகவே அனைத்தையும் மனத்தில் ஏற்றினார். அந்த 1938-இல் ஸ்துரூனினோ என்ற சிற்றூரில் நெசவாலையில் வேலை செய்தார். இரவு ஷிப்டில் எந்திரத்துக்கு எந்திரம் ஓடிக்கொண்டே கணவரின் வரிகளை முணுமுணுப்பாராம். தூக்கம் வராமலும் இருக்கும், பாட்டும் மறக்காமல் இருக்கும். பின்னர் ஊர் ஊராகச் சென்று ஆங்கிலம் கற்பித்துப் பிழைத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படியே. அவருடைய நினைவுக் குறிப்புகள் 1970-இல் மேலைநாடுகளில் வெளிவந்தபோது உலகமே வியந்தது. 1980-இல் மறைந்தார். அவர் காத்த பாடல்கள் இன்று பல மொழிகளில் படிக்கப்படுகின்றன.

மூன்றாவது நிகழ்ச்சியைக் கன்னியர் மடத்தில் சொன்னபோது ஒரு வயது முதிர்ந்த சகோதரி கண் கலங்கினார். அலெக்ஸாந்தர் சோல்செனிட்சின் என்பவர் பீரங்கிப் படையில் காப்டன். போர்முனையிலிருந்து நண்பருக்கு எழுதிய கடிதங்களில் ஸ்டாலினைக் குறைகூறினார் என்று 1945-இல் கைதானார். எட்டு ஆண்டுத் தண்டனை. முகாமில் எழுதிய தாள் அகப்பட்டால் தண்டனை நீளும். அவர் பன்னிரண்டு முதல் இருபது வரிகள் எழுதுவார், திருத்துவார், மனப்பாடம் செய்வார், எரித்துவிடுவார். வரிகளை எண்ணுவதற்கு முதலில் ஒடித்த தீக்குச்சிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தார்.

ஓர் இடைச்சிறையில் லித்துவேனியா நாட்டுக் கத்தோலிக்கக் கைதிகளைச் சந்தித்தார். அவர்கள் ரொட்டியை நனைத்துப் பிசைந்து மணிகளாக உருட்டி, எரிந்த ரப்பரால் கறுப்பும் பற்பொடியால் வெள்ளையும் ஏற்றி, நூலில் கோத்துச் செபமாலை செய்துகொண்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று வேண்டும், ஆனால் என் செபமுறைக்கு நூறு மணிகள் வேண்டும் என்றார் இவர். ஒவ்வொரு பத்தாவது மணியும் உருண்டையாக இல்லாமல் சதுரக் கட்டியாக இருக்கவேண்டும். ஐம்பதாவதும் நூறாவதும் தொட்டாலே தெரியவேண்டும். ஐம்பத்து மூன்று மணி சொல்லும் நமக்கே நூறு என்றால் மலைப்பாக இருக்கும். அங்கே மிகுந்த பக்திமானிடமும் நாற்பதுக்கு மேல் மணி இல்லையாம்! இவருடைய பக்தியைக் கண்டு அவர்கள் திகைத்தார்கள். ஆயினும் சகோதர அன்போடு செய்து கொடுத்தார்கள். நூறாவது மணியைக் கருஞ்சிவப்பு நிறத்தில் ஓர் இருதய வடிவமாகவே அமைத்துவிட்டார்கள்.

அந்த மாலையைப் பெரிய கையுறைக்குள் வைத்துக்கொண்டு, ஆள் எண்ணும் வரிசையிலும் வேலைக்கு நடக்கும் வழியிலும் மணிக்கொரு வரியாக உருட்டிச் சொல்லிக்கொள்வார். சோதனையில் காவலர் கண்டாலும் செபமாலைதானே என்று விட்டுவிடுவார்கள். மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிப் பார்ப்பார். ஐம்பதாவது மணியில் வேறு வரி வந்து நின்றால், எங்கோ ஒன்று நழுவிவிட்டது என்று அறிந்து அது அகப்படும்வரை திரும்பத் திரும்பச் சொல்வார். தண்டனை முடிந்தபோது அவர் நெஞ்சில் 12,000 வரிகள் இருந்தன. பின்னாளில், 1970-இல், இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் இவர்தான்.

இவர்கள் யாரும் பிறவியிலேயே அபூர்வ ஞாபகசக்தி படைத்தவர்கள் என்று எண்ணவேண்டாம். தங்களை அறியாமலே உளநூல் விதிகளின்படி நடந்தார்கள். ஜெர்மனி நாட்டு எபிங்ஹவுஸ் என்ற அறிஞர் 1885-இல் வெளியிட்ட நூலில், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து ஆராய்ந்த முடிவுகளைத் தந்தார். கற்றதில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்திலேயே மங்கிவிடுகிறது. ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு. அதன்பின் மறதியின் வேகம் குறைகிறது. மங்கிய பிறகு மீண்டும் கற்றால் முன்னைவிட விரைவில் பதிகிறது. ஒரே நாளில் பலமுறை படிப்பதைவிட, பல நாட்களில் பிரித்துப் படிப்பது நிலைக்கிறது. பொருளற்ற அசைகளுக்குப் பட்ட பாட்டில் பத்தில் ஒரு பங்கே கவிதைக்குத் தேவைப்பட்டது என்றும் கண்டார். ஓசையும் பொருளும் சேர்ந்து வரியை வரி இழுத்துக்கொண்டு வருகிறது. எதுகையையும் மோனையையும் நீங்கள் இலக்கணத் தொல்லையாக நினைக்கிறீர்கள். அவை நினைவுக்குப் பிடிமானங்கள்.

இன்னொன்று. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவரில் ஒரு பிரிவினர் ஒரு பாடத்தை நான்கு முறை படித்தனர். மற்றொரு பிரிவினர் ஒருமுறை மட்டும் படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்தோ நிலைமை தலைகீழ்: படித்தவர்களுக்கு நூற்றுக்கு 40 பங்கு, நினைவுகூர்ந்தவர்களுக்கு 61 பங்கு! நம் பாட்டிமார் குறிப்பிடப் புத்தகத்தைக் கேள்வியும் விடையுமாக ஒப்பித்தது எண்பது வயதிலும் பிறழாமல் வருவதற்குக் காரணம் இதுதான். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளை புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உரக்கப் படிக்கும் சத்தம் கேட்டால் மகிழ்ந்துவிடாதீர்கள். புத்தகத்தை வாங்கி மூடி வைத்துவிட்டு, சொல் பார்க்கலாம் என்று கேளுங்கள்.

மனப்பாடம் செய்ய எல்லாராலும் முடியும். வாய்திறக்கத்தான் முடிவதில்லை. அதற்கு என்ன காரணம்?

போலந்தின் வார்சா நகரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சாலமன் ஆஷ் என்ற உளநூலார் (மண்டல்ஷ்டாமும் அதே வார்சாவில் பிறந்தவரே) 1950-களில் ஓர் எளிய சோதனை செய்தார். ஓர் அட்டையில் ஒரு கோடு. மற்றோர் அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டுக்குச் சமமானது எது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். சிறு குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர் அனைவரும் ஆஷ் அமர்த்தியவர்கள். அவர்கள் வேண்டுமென்றே ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். அந்த ஒருவர் என்ன செய்தார்? இப்படிப் பலரையும் வைத்துப் பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான விடைகள் கூட்டத்தோடு சேர்ந்து தவறாக வந்தன. கண்ணுக்கு நேரே தெரிந்ததை வாய் மறுத்தது. சிறையில்லை, அடியில்லை; பிறர் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் மட்டும். ஆயினும் நால்வரில் ஒருவர் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

பிறகு ஆஷ் ஒரே ஒரு மாறுதல் செய்தார். கூட்டத்தில் இன்னொருவர் மட்டும் சரியான விடையைச் சொல்லுமாறு அமைத்தார். அவ்வளவுதான், தவறுகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. அக்மாத்தவாவுக்கு ஒரு சுகோவ்ஸ்கயா எதற்காகத் தேவைப்பட்டார் என்பது இப்போது புரிகிறதா? பாட்டைச் சேமித்துவைக்க மட்டும் அல்ல. தான் கண்டதைத் தான் கண்டதாகவே நம்புவதற்கு மனிதருக்கு இன்னொரு மனிதர் வேண்டியிருக்கிறது.

பேசாமையால் வரும் மறதி ஒன்றும் உண்டு. நியூயார்க்கில் வில்லியம் ஹெர்ஸ்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இது. இருவர் ஒரே செய்திகளைக் கற்கிறார்கள். பிறகு ஒருவர் அவற்றில் சிலவற்றை மட்டும் எடுத்துச் சொல்ல, மற்றவர் கேட்கிறார். சொல்லாமல் விடப்பட்ட பகுதி பேசினவருக்கு மங்குவது இயல்பு, கேட்டவருக்கும் மங்கிவிடுகிறது! சுத்தமாகப் பேச்சிலேயே வராத வேறு செய்தியைவிட, பாதி பேசப்பட்ட செய்தியின் மறுபாதி அதிகமாக மறந்துபோகிறது. 1937-இல் மாஸ்கோ கால்வாய் திறந்ததைச் சோவியத் பத்திரிகைகள் கொண்டாடின. அதை வெட்டியவர்களில் மிகப் பலர் கைதிகள் என்பதைப் பேசவில்லை. பொய் சொல்லி ஏமாற்றுவதைக் காட்டிலும் பாதி சொல்லி மறக்கச் செய்வது எளிது. வீடுகளிலும் இது நடக்கும். மாமா வீட்டுச் சண்டையைப் பற்றி ஒரு பக்கத்துக் கதையை மட்டும் பத்து வருடம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, மறுபக்கம் ஒன்று இருந்தது என்பதே தெரியாது.

இவ்வளவு சொன்னபின் ஒரு குறையையும் மறைக்காமல் சொல்கிறேன். நினைவு பொய்க்கும். 1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலையிலேயே நைசர் என்ற அமெரிக்க உளநூலார் தம் மாணவர்களிடம், செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் அவர்களில் 44 பேரை மீண்டும் கேட்டார். நால்வரில் ஒருவருக்கு ஒரு விவரம்கூடப் பொருந்தவில்லை. பலர் உறுதியோடு தவறாகச் சொன்னார்கள். சொந்தக் கையெழுத்தைக் காட்டியும், அப்போது எழுதியதுதான் பிசகு என்று வாதிட்டவர்கள் உண்டு.

அப்படியானால் நதேஷ்தாவின் நினைவும் சுகோவ்ஸ்கயாவின் நினைவும்? அவையும் மோதின. நதேஷ்தாவின் இரண்டாவது நூலில் அக்மாத்தவாவைப் பற்றியும் நண்பர்களைப் பற்றியும் உள்ள செய்திகள் தவறானவை, அநியாயமானவை என்று சுகோவ்ஸ்கயா கடுமையாக மறுத்து ஒரு நூலே எழுதத் தொடங்கினார். நான் மதிக்கும் இரண்டு பெண்கள் ஒருவரோடொருவர் இப்படிப் பிணங்கியதை முதலில் படித்தபோது வருத்தமாகவே இருந்தது. இப்போது வருத்தமில்லை. இவர் சொல்வதை அவர் மறுக்கலாம். இருவர் எழுத்தையும் அடுத்தடுத்து வைத்து நாம் படிக்கலாம். சவரக் கத்தியால் திருத்திய கலைக்களஞ்சியத்தை மறுக்க யாரால் முடிந்தது? நினைவு பொய்க்கும் என்பதனாலேயே பேச்சுரிமை வேண்டும் என்கிறேன். யாருக்கும் எதுவும் பிசகாது என்றால் ஒருவர் பேசினால் போதுமே!

'ரெக்வியம்' முழுவதையும் மனத்தில் வைத்திருந்தவர்கள் பத்துப் பேர் அளவில். ஒருவரும் காட்டிக் கொடுக்கவில்லை. 1962-இல்தான் அது முதன்முதலாகத் தட்டெழுத்தில் ஏறியது. 1963-இல் கவிஞரின் அனுமதி இல்லாமலே ஜெர்மனியில் மியூனிக் நகரில் அச்சாயிற்று. 1966 மார்ச் 5 அன்று அக்மாத்தவா இறந்தார். தம் நாட்டில் அச்சானதை அவர் காணவில்லை. அது 1987-இல் நடந்தது. சுகோவ்ஸ்கயாவுக்கு அப்போது எண்பது வயது. எனக்கு ஒருகால் சிலை வைப்பதானால் நான் நின்ற அந்தச் சிறைவாசலில் வையுங்கள் என்று கவிஞர் அப்பாட்டில் கேட்டிருந்தார். 2006-இல், கிரெஸ்தி சிறைக்கு நேர் எதிரே, ஆற்றின் மறுகரையில் சிலை வைக்கப்பட்டது.

கதை அங்கே இனிமையாக முடிந்திருக்கலாம், முடியவில்லை. சோவியத் காலத்தில் கொல்லப்பட்டவர்களின் பெயர்களைத் தேடித் தொகுத்த 'மெமோரியல்' என்ற அமைப்பைக் கலைத்துவிடுமாறு 2021 டிசம்பர் 28 அன்று ரஷ்ய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மறு ஆண்டே அந்த அமைப்பு சமாதானத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றது.

அந்த அமைப்பினர் 2007 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 29 அன்று மாஸ்கோவில் ஒரு நிகழ்ச்சி நடத்திவந்தார்கள். இரகசியப் போலீசின் பழைய தலைமையகத்துக்கு எதிரே, சொலவெட்ஸ்கி தீவின் முகாமிலிருந்து கொண்டுவந்த ஒரு பாறாங்கல் இருக்கிறது. காலை பத்து மணி முதல் இரவு பத்து மணி வரை மக்கள் அதன்முன் வரிசையில் நிற்பார்கள். 2020 முதல் அவ்விடத்தில் கூட அனுமதி கிடைக்கவில்லை. வீடுகளிலிருந்தும் வெளிநாட்டு நகரங்களிலிருந்தும் தொடர்கிறார்கள். செய்வது மிக எளிய காரியம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு தாள். அதில் சுடப்பட்ட சிலரின் பெயர், வயது, தொழில், சுடப்பட்ட நாள். தம் முறை வந்ததும் அதை ஒலிபெருக்கியில் உரக்க வாசிக்கவேண்டும். தச்சர், ஆசிரியை, குருவானவர், இரயில்வே ஊழியர். அதை வாசித்துவிட்டு உடனே இறங்கிவிடாமல், தாளில் இல்லாத இன்னொரு பெயரையும் பலர் சேர்த்துச் சொல்வார்கள். அது அவர்களுடைய தாத்தாவின் பெயர்.